பழைய கேரவன் வாங்கப் போனபோது நடந்தது, இன்னும் உறுத்துவது எது?

நத்தைவீடு:
நான்தான் திரியைத் தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று வாரமாக இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாங்கியது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன்: ஒற்றை அச்சு, நான்கு படுக்கை, பதினான்கு வருடப் பழசு. கேரவன் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் நான். பார்க்கப் போனபோது எல்லா ஜன்னலும் திறந்திருந்தது, உள்ளே எலுமிச்சை வாசனை ஸ்பிரே. நல்ல மனுஷன், சுத்தமாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பு பற்றவைத்துக் காட்டினார், ஃபிரிட்ஜ் ஓடியது, விளக்கெல்லாம் எரிந்தது. நானும் பெரிய ஆள் மாதிரி குழாயைத் திறந்து திறந்து மூடினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கழித்து ஒரு மழை. அடுத்த நாள் காலையில் என் பெண் முன்பக்க இருக்கை மூலையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இந்தச் சுவர் மட்டும் ஏன் மெத்தை மாதிரி இருக்கு?" என்றாள். போய் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. மேலே ஒட்டிய தாள் கிழியக்கூட இல்லை, அதற்குப் பின்னால் மரம் என்று எதுவும் இல்லை, நனைந்த அட்டைப்பெட்டிதான். இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்ததும் அந்த ஓத வாடை முகத்தில் அடித்தது.

சரி, பணம் போனது போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரமும் விற்றவர் அதே மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். என் மனைவி சமையல் பக்கம் பார்க்க வழி விடச் சொன்னபோது காலை மடக்கிக்கொண்டாரே தவிர எழுந்திருக்கவில்லை. முழங்கையை அந்தச் சுவரோரம் வைத்தபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த முழங்கை கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

உருளும்கல்:
அண்ணே, உங்களுக்காவது சுவர். எனக்குத் தரை. டயரில் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி நின்றது, தேய்மானமே இல்லை. "ஓடவே இல்லை சார், சும்மா நின்ற வண்டி" என்றார்கள், அதைக் கேட்டு சந்தோஷப்பட்ட மடையன் நான். நெடுஞ்சாலையில் ஒரு சத்தம், வெடி போட்டது மாதிரி. ஓரம் கட்டிவிட்டு உள்ளே போய் கழிவறைக் கதவைத் திறந்தால், சக்கரத்துக்கு மேலே மூடியிருக்கும் பெட்டி தாறுமாறாகக் கிழிந்து, அதன் வழியாகத் தார்ச்சாலை தெரிகிறது. சாலையில் ஒரு எறும்பு போனால்கூடத் தெரிந்திருக்கும், அவ்வளவு பெரிய ஓட்டை. பிய்ந்த டயர்த் தோல் சுற்றிச்சுற்றி அடித்ததில் வந்த வேலை.

அப்புறம்தான் டயர் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கம் 1109. அதாவது 2009ஆம் வருடம் 11வது வாரம் தயாரானது. கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. ஐந்து வருடம் ஆனால் மாற்று, ஏழைத் தாண்டவே தாண்டாதே என்பார்கள். அதை எனக்கு யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நத்தைவீடு, நீங்கள் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு மனிதர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதற்காக அவரைத் திருடன் ஆக்குவது நியாயமில்லை. முட்டிவலியாகக்கூட இருக்கலாம். பாதிப் பேருக்குத் தங்கள் கேரவனில் ஓதம் இருப்பதே தெரியாது, ஏனென்றால் அது வெளியே தெரிவதற்கு முன் பல வருடம் சுவருக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

எப்படி என்று சொல்கிறேன். இந்த வயதுக் கேரவன்களில் பெரும்பாலும் சுவர் என்பது வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மோகோல் மாதிரி நுரையும், உள்ளே தாள் ஒட்டிய பிளைவுட். இவ்வளவுதான். கூரையும் சுவரும் சேரும் இடத்தில், ஆனிங் என்ற பக்கவாட்டுக் கூடாரத் துணியை மாட்டும் தண்டவாளத்தில், கைப்பிடியில், விளக்கில், எங்கெல்லாம் ஸ்குரு போகிறதோ அங்கெல்லாம் அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் இருக்கும். அது வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கும். தண்ணீர் உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது. அதனால் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கண்ணை விட்டுவிட்டு மூக்கையும் கையையும் பயன்படுத்த வேண்டும். ஜன்னல் மூலைகள், அலமாரிக்குள் மேல் மூலை, கூரை ஜன்னலைச் சுற்றி, இருக்கைக்கு அடியில் தரையும் சுவரும் சேரும் இடம், சக்கரப் பெட்டி. இருக்கை மெத்தையைத் தூக்காமல் வருகிறவர் கேரவனைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

ஓதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு ஊசி இருக்கும், குத்தினால் சதவீதம் காட்டும். பொதுவாக 15க்குக் கீழே என்றால் கவலையில்லை, 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டும், 20ஐத் தாண்டினால் எங்கேயோ தண்ணீர் வருகிறது, 30க்கு மேல் போனால் மரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். பின்னால் உலோகத் தகடோ ஒயரோ இருந்தால் மானி பொய் சொல்லும். ஒரே சுவரில் பத்து இடத்தில் வைத்து, எங்கே திடீரென்று ஏறுகிறது என்று பாருங்கள். தரையில் வெறும் காலோடு நடங்கள், கதவருகில், அடுப்புக்கு முன்னால். பஞ்சு மாதிரி அமுங்கினால், கறகற என்று கேட்டால், தரையின் பலகை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கிறது.

என் கதையா? நான் வாங்கியது நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஓடுகிறது.

நத்தைவீடு:
முட்டிவலிக்காரர் நாங்கள் பணம் கொடுத்ததும் துள்ளி எழுந்து கொக்கி மாட்டிவிட்டாரே ஐயா.

மலைப்பாதை_மாலா:
எங்கள் கதை ஓதமும் இல்லை டயரும் இல்லை, அதைவிட மோசம். பிரிட்டனில் 2021 டிசம்பரில் கார் லைசன்ஸ்காரர்களுக்கு இழுவைக்கான தனித் தேர்வை எடுத்துவிட்டார்கள் இல்லையா, அதனால் நாங்கள் இருவரும் எந்தப் பயிற்சியும் இல்லாமல், சட்டப்படி சரியாகவே, வாங்கிய மறுவாரம் கிளம்பிவிட்டோம். கேரவனோடு மோட்டார்வேயில் 60 மைல்தான் அனுமதி, நாங்கள் 55ல்தான் போனோம். இறக்கம். பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போனது.

கேரவனுக்காக மாட்டிய அகலக் கண்ணாடி இருக்கிறதே, அதில் இடதுபக்கம் எங்கள் கேரவனின் பின் மூலை எட்டிப் பார்த்தது. சரி என்று நினைப்பதற்குள் வலதுபக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தது. திரும்ப இடது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. யாரோ பின்னாலிருந்து காரின் வாலைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி. இவர் பிரேக்கில் கால் வைக்கப் போனார், நான் "வேண்டாம்"னு கத்தினேன், எதற்குக் கத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது, எங்கேயோ படித்திருப்பேன். ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். நான்கைந்து ஆட்டம் ஆடி நின்றது. அதற்கப்புறம் இருபது நிமிடம் யாரும் பேசவில்லை, பின்னால் பையன் மட்டும் "இன்னொரு தடவை" என்றான்.

காரணம் நான்தான். முதல் நாள் பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார் என்று காரின் பின்னால் கொக்கி வந்து உட்காரும் இழுவைப் பந்தில் கிரீஸை அள்ளிப் பூசினேன். எங்கள் கேரவனில் ஸ்டெபிலைசர் கொக்கி. அது உராய்வு பேட்களால் பந்தை இறுக்கிப் பிடித்துத்தான் ஆட்டத்தை அடக்கும். அதில் கிரீஸ் பட்டால் பேட் போச்சு, மாற்றத்தான் வேண்டும். அந்தத் தாத்தா காலத்துக் கொக்கிக்குக் கிரீஸ் சரி. இதற்கு இல்லை. புதுப் பந்தில் இருக்கும் பெயிண்டைக்கூடச் சுரண்டி எடுத்துவிட வேண்டுமாம்.

சுமைதாங்கி:
மாலா, கிரீஸால் கொக்கி ஆட்டத்தை அடக்கவில்லை என்பது சரி, ஆனால் ஆட்டத்தை ஆரம்பித்தது கிரீஸ் இல்லை. பின்னால் என்ன ஏற்றியிருந்தீர்கள்?

மலைப்பாதை_மாலா:
ஆனிங். இரண்டு சைக்கிள். தண்ணீர் கேன். ஏன்?

சுமைதாங்கி:
அதுதான். பின்னால் பாரம் வைத்தால் கேரவன் ஊஞ்சல். கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு. மூக்கு எடை, அதாவது கொக்கி பந்தை எவ்வளவு அழுத்துகிறது என்பது, ஏற்றி முடித்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கவேண்டும். 1200 கிலோ என்றால் 60 முதல் 84 கிலோ. காரின் இழுவைத் தகட்டில் போட்டிருக்கும் வரம்பைத் தாண்டவும் கூடாது. வீட்டில் எடை பார்க்கும் மிஷினை எடுத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கொக்கியை அதில் இறக்கினால் தெரிந்துவிடும். அப்படியே கிளம்புமுன் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் பாருங்கள், அறுந்தால் பிரேக் போடும் அந்தக் கம்பியைச் சரியான வளையத்தில் மாட்டுங்கள், கேரவன் மூக்கைத் தாங்கும் ஜாக்கி சக்கரத்தை முழுசாக ஏற்றி இறுக்குங்கள், கேஸ் டியூபில் தேதி போட்டிருக்கும் அதைப் பாருங்கள், பிறகு

மலைப்பாதை_மாலா:
அண்ணா, நான் கேட்கவே இல்லை. ஆனால் மிஷின்மேல் கட்டை, அது நன்றாக இருக்கிறது. இந்த வாரம் செய்கிறேன்.

பனிக்காலை:
எங்களுடையது சின்னது. முதல் குளிர்காலப் பயணம், காலையில் அடுப்பு பற்றவில்லை, ஹீட்டர் பற்றவில்லை. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அவரைக் கேட்காத வார்த்தை இல்லை. கடைசியில் பார்த்தால் அவர் கொடுத்தது பியூட்டேன், பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே அது ஆவியாகாது. புரொபேன் என்றால் மைனஸ் 42 வரை ஆவியாகும். அந்த மனிதரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

தனிவழி:
நான் வாங்கவில்லை. வாங்காததுதான் கதை.

விற்கிறவர் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, சாலையோர வண்டி நிறுத்தத்தில் பார்க்கலாம் என்றார். அப்போதே திரும்பியிருக்கவேண்டும். பிரிட்டனில் 1992 முதல் தயாரான பெரும்பாலான கேரவன்களுக்கு கிரிஸ் என்ற பதிவேட்டில் 17 இலக்க சேஸிஸ் எண் உண்டு, அதே எண்ணை ஜன்னல்களிலும் பொறித்திருப்பார்கள். எண்ணைக் கொடுத்தால் திருட்டுப் புகார் உண்டா, கடன் பாக்கி உண்டா என்று சொல்லிவிடுவார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எண் இருக்கவேண்டிய இடத்தில் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. கேட்டால் "மரக்கிளை உரசிவிட்டது" என்றார். அடுத்த ஜன்னலிலும் அதே இடத்தில் அதே கிளை உரசியிருந்தது.

ஏதோ பேசிக்கொண்டே உடை அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் பென்சில் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருடம், ஒரு குழந்தையின் உயரம், கீழிருந்து ஆறு கோடு. கடைசிக் கோடு என் நெஞ்சு வரை. "உங்கள் பையனா?" என்று கேட்டேன். "எனக்குக் குழந்தைகள் இல்லை" என்றார், பிறகு கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மனைவி போன் செய்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
போலீசுக்குச் சொன்னீர்களா?

தனிவழி:
விளம்பரத்தில் இருந்த நம்பரைக் கொடுத்தேன். ஆனால் மறுநாள் காலையில்தான் கொடுத்தேன். அன்றைக்கு இரவு என்னமோ சொல்லத் தோன்றவில்லை, முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன கோடாக இருக்கும், வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்ததாம்.

உருளும்கல்:
முந்தைய சொந்தக்காரர் என்றால் "நான் வாங்கும்போதே இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். கதவை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார் என்றால்... சரி விடுங்கள். மறுநாள் என்றாலும் சொன்னீர்கள்.

தனிவழி:
ஆறாவது கோட்டுக்கு மேலே நிறைய இடம் இருந்தது.

நத்தைவீடு:
தனிவழி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் கதையின் மிச்சம். நேற்று அந்த மூலையைப் பிரித்தேன். உள்பலகை கையோடு வந்துவிட்டது, சட்டத்தைக் கரண்டியால் வழித்தே எடுத்தேன். வெளியே ஆனிங் தண்டவாளத்தைக் கழற்றினால், அடியில் சீலண்ட் மூன்று அடுக்கு. மேலே வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கல்லாக இறுகிய கறுப்பு. கறுப்பு கம்பெனியில் போட்டது என்று வைத்துக்கொண்டாலும், மற்ற இரண்டும் பிறகு பூசினவை. விற்றவர் இதற்கு மூன்றாவது சொந்தக்காரர், எது அவர் கை என்று சொல்ல முடியவில்லை. கணக்குப்பிள்ளைக்குப் பாதி மார்க் தருகிறேன், அதற்கு மேல் இல்லை.

இப்போது என் கேள்வி: உள்பலகைக்கு 3 மி.மீ பிளைவுட் போதுமா? சட்டம் காய எத்தனை நாள் விடவேண்டும்?

கணக்குப்பிள்ளை:
3 மி.மீ போதும். நாள் கணக்கு பார்க்காதீர்கள், மானியை வைத்துப் பாருங்கள். தண்டவாளத்தை மறுபடி மாட்டும்போது பழைய ஸ்குருவைப் போடாதீர்கள், ஸ்டெயின்லெஸ் போடுங்கள், சீலண்ட் டேப்பை

நத்தைவீடு:
ஐயா, என் பெண் பக்கத்தில் நின்று படிக்கிறாள், "இந்த அங்கிள் நிறுத்தவே மாட்டாரா"ங்கிறாள். டேப்பை என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்.