பிரான்சில் ஹாரன் சத்தமில்லாத சைக்கிள் பாதைகள்: வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

போன செப்டம்பரில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்தது. லியோனிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மாக்கோனில் இறங்கி, க்ளூனி வழியாக ஷாலோன் வரை மிதித்தேன். மொத்தமே 70 கிலோமீட்டர் சுமார்தான். நன்றாக ஓட்டுகிறவர்கள் காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடுவார்கள். நான் மூன்று நாளும் எடுத்துக்கொண்டேன், அதற்காக வெட்கப்படவும் இல்லை.

பெரும்பகுதி பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று விட்டிருக்கிறார்கள். 'வுவா வெர்த்', பசுமை வழி என்று பெயர். க்ளூனிக்கும் ஷிவ்ரிக்கும் இடையில் 44 கிலோமீட்டர், 1997இல் திறந்தது, பிரான்சில் இந்த மாதிரிப் பாதைகளில் இதுதான் முதலாவது. ரயில் ஏறக்கூடிய ஏற்றம்தானே, என் முட்டியே தாங்கியது. கிராமச் சாலைகள் குறுக்கே வரும் இடங்களில் நின்று பார்த்துப் போனால் போதும், மற்றபடி கார் என்பதே கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் என்னமோ சரியில்லை என்றே தோன்றிக்கொண்டிருந்தது. பிறகுதான் புரிந்தது, என் செயின் கிறீச்சிடுகிறது. அது ரொம்ப நாளாகவே கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், பாண்டியிலும் லியோனிலும் ஓட்டியவனுக்குக் காதில் விழுந்ததே இல்லை. மேய்ந்துகொண்டிருந்த வெள்ளை ஷாரொலே மாடுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. முதல் வேலையாக நிறுத்தி எண்ணெய் விட்டேன்.

க்ளூனிக்கு முன்னால் புவா கிளேர் சுரங்கம், 1.6 கிலோமீட்டர் நீளம். வெளியே வேர்த்து ஊற்றும், உள்ளே நுழைந்ததும் சட்டை முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதற்காக மூடிவிடுகிறார்கள், அப்போது குன்றைச் சுற்றி ஏறித்தான் போக வேண்டும். நம் பக்கமும் வௌவாலுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கிராமங்கள் இருக்கின்றனவே, அதனால் எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. க்ளூனி மடம் 910இல் தொடங்கியது. ரோமில் புதிய செயின்ட் பீட்டர் தேவாலயம் கட்டும்வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்திருக்கிறது. புரட்சிக்கு அப்புறம் அதைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு கோபுரத்தைப் பார்த்தாலே கழுத்து வலிக்கிறது.

நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் கதை. அன்றைக்குத் திங்கட்கிழமை. பிரெஞ்சுக் கிராமத்தில் திங்கட்கிழமை பேக்கரி பூட்டியிருக்கும் என்பது இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு ஊரில் பூட்டு, அடுத்த ஊரிலும் பூட்டு, மூன்றாவது ஊரில் கடை திறந்திருந்தது, ஆனால் மணி 12:10, இனி 2 மணிக்குத்தான் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பையில் அரை பாக்கெட் பிஸ்கட், தண்ணீரும் காலி. கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும், சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பாட்டிலை நிரப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நானும் கல்லறையைத் தேடிக்கொண்டு போனேன்.

வழியில் ஒரு பழைய ஸ்டேஷன். இப்போது வீடாகிவிட்டது, சுவரில் ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. பிளாட்பாரமாக இருந்த இடத்தில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எண்பது வயது இருக்கும். நான் 'போன்ஜூர் மெசியே' சொல்லிவிட்டுக் கல்லறை எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதற்குள் என்ன அவசரம்?" என்றார்.

சிரித்து முடித்ததும் எந்த ஊர் என்று கேட்டார். லியோன் என்றேன். இல்லை, அதற்கு முன்னால் என்றார். பாண்டிச்சேரி என்றதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில், "பொந்திஷேரி, காரிக்கால், யனாவோன், மாஹே, ஷாந்தர்னகோர்!" என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிகளில் இந்தியாவில் தங்களுக்கிருந்த ஐந்து ஊர்களையும் இப்படித்தான் மனப்பாடம் செய்ய வைப்பார்களாம். 1954இல் நம்மூர் கைமாறிப் போனது, அவர் நாக்கிலிருந்து போகவில்லை. மாஹே எந்தக் கடற்கரையில் இருக்கிறது என்று கேட்டார். மேற்கே, கேரளாவுக்குள் என்றதும், "எங்கள் வாத்தியார் அதைச் சொல்லவே இல்லையே" என்று குறைபட்டுக்கொண்டார்.

சின்ன வயதில் இதே பிளாட்பாரத்தில் ஏறித்தான் க்ளூனிக்குப் பள்ளிக்கூடம் போனாராம். ரயிலை நிறுத்தியபோது ஊரே செத்துப்போனது மாதிரி இருந்ததாம், இப்போது சைக்கிள்காரர்கள் வருவது பரவாயில்லை, ஆனால் ஒருவனும் போன்ஜூர் சொல்வதில்லை என்று புலம்பினார். கிளம்பும்போது பாட்டிலை நிரப்பி, தோட்டத்துத் தக்காளி நாலும், செய்தித்தாள் துண்டில் மடித்த உப்புப் பொட்டலமும் கொடுத்தார். அந்தப் பொட்டலம் நம்மூர்ப் பெட்டிக்கடையில் மடிக்கிற அதே மடிப்பு.

சாயங்காலம் புஸ்ஸி என்ற ஊரில் தங்கினேன். எழுத்தைப் பார்த்தால் 'புக்ஸி' என்றுதான் படிக்கத் தோன்றும், ஊர்க்காரர்கள் புஸ்ஸி என்கிறார்கள். பாண்டியில் இருக்கும் எங்கள் புஸ்ஸி வீதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

*

லா ஷாப்பெல்காரன்:

தம்பி, திங்கட்கிழமைக் கதையை வாசிச்சுச் சிரிச்சுப் போட்டன். நான் ரெஸ்ரோறன்ற் குசினியில வேலை, எனக்கு லீவே திங்கள்தான். அதனால என்ர சைக்கிள் ஓட்டமெல்லாம் முதல்நாள் வாங்கின பாணோடதான்.

நீங்கள் சொல்லுற மாதிரி தூரம் எல்லாம் நான் போனதில்லை. பரிஸில லா ஷாப்பெல்லில இருந்து பத்து நிமிஷம் நடந்தால் லா வில்லெத் வாய்க்கால். அங்கயிருந்து ஊர்க் கால்வாய்க் கரையைப் பிடிச்சுக் கிளே-சுய்யி வரைக்கும் ஓடலாம், காரே இல்லை. 'ஊர்க்' எண்டது ஆத்தின்ர பேர், எங்கட ஊர் இல்லை. நெப்போலியன் 1802இல பரிஸ் நகரத்துக்குத் தண்ணி கொண்டுவரச் சொல்லி வெட்டத் தொடங்கினதாம். பொபினி வரைக்கும் சுவரெல்லாம் கிறுக்கல், பக்டரிகள். செவ்ரான் தாண்டினாப் பிறகு ரெண்டு பக்கமும் மரம்தான்.

ஒருநாள் ஒரு கிழவர் பெரிய மீன் ஒண்டைப் பிடிச்சார், கார்ப் மீன், என்ர முழங்கை நீளம். நான் சைக்கிளை விட்டுட்டு ஓடிப்போய்ப் பார்க்க, மனுசன் தூண்டிலைக் கழட்டி, வாய்ப் புண்ணுக்கு மருந்து தடவி, திரும்பத் தண்ணிக்குள்ள விட்டுட்டார். எனக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு. குழம்பு வைக்கிற மீனையெல்லோ விடுறீர் எண்டு கேட்டன். "நாளைக்கும் நான் மீன் பிடிக்க வேணுமே" எண்டார். இப்ப அவரைக் கண்டால் நிண்டு கதைச்சிட்டுத்தான் போறது. மீனைப் பற்றி மட்டும் நாங்கள் ஒத்துப்போறதில்லை.

*

துலூஸ் மாணவி:

அண்ணா, நான் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே கனால் து மிதி என்ற பழைய கால்வாய், அதன் கரையில்தான் ஓட்டுவோம். 1666இல் தொடங்கி 1681இல் முடித்தார்கள், 240 கிலோமீட்டர். கட்டிய ரிக்கே அடிப்படையில் உப்பு வரி வசூலிக்கிறவர், சொந்தப் பணத்தையும் கொட்டியவர், திறப்பதற்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது இறந்துபோனார். துலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் நல்ல தார்ப்பாதை. அதை நம்பி நானும் தோழியும் மேலே போனோம். அதற்கப்புறம் மண், கல், மரவேர். எனக்கு நோரூஸ் தாண்டியதுமே பின்சக்கரம் பஞ்சர்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை, காற்று மெதுவாக இறங்குகிறது. பக்கத்தில் மதகு வீடு. அங்கே வேலை பார்க்கும் அம்மா எதுவும் கேட்காமல் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ட்யூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போனோம், வால்வுக்குப் பக்கத்தில் கடுகு மாதிரி குமிழி வரிசையாக வந்தது. எங்கள் தெருமுனை சைக்கிள் கடை தாத்தாவும் அதே வாளி, அதே குமிழி. ஒட்டுப் போட்டுக் காய்கிற நேரத்தில் அந்த அம்மா கரையில் வெட்டிய மரங்களைக் காட்டினார். 2006லிருந்து ஒரு பூஞ்சை நோய் இந்த பிளாட்டன் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது, மருந்தே கிடையாது, ஒன்றுக்கு வந்தால் பக்கத்து மரங்களையும் வெட்டி எரிக்கிறார்களாம். "நிழலை நம்பி வராதீர்கள், தொப்பி கொண்டுவாருங்கள்" என்றார். எங்களிடம் தொப்பியும் இல்லை. காஸ்தெல்னொதாரி போய்ச் சேரும்போது இருவருக்கும் மூக்கு உரிந்துவிட்டது.

*

லா ஷாப்பெல்காரன்:

தம்பி, உந்த க்ளூனிப் பாதைக்குப் பரிஸில இருந்து சைக்கிளோட எப்படி வாறது? தெ-ஷே-வே எண்ட அதிவேக ரயிலில (TGV) கழட்டிப் பையில போடச் சொல்லுவினம், எனக்குத் திரும்பப் பூட்டத் தெரியாது.

*

முதலில் எழுதியவன்:

தெ-ஷே-வே வேண்டாம் அண்ணா. பெர்சி ஸ்டேஷனிலிருந்து திஜோன் வழியாக லியோன் போகிற சாதா ரயிலில் ஏறுங்கள், ஷாலோனிலும் நிற்கும், மாக்கோனிலும் நிற்கும். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் சைக்கிளை அப்படியே தூக்கி வைக்கலாம். சனி ஞாயிறு கூட்டம், நிற்க இடம் கிடைக்காது, உங்கள் லீவு நாள்தான் நல்லது. மாக்கோனில் நான் வந்து நிற்கிறேன். பாணை மட்டும் ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள், பெரியவருக்கும் சேர்த்து.