அடிக்குரலில்தான் நான் விழுந்தேன்

பெரு நாட்டுப் பாடகி இமா சுமாக் என்றாலே எல்லாரும் நாலரை ஸ்தாயி, அஞ்சு ஸ்தாயி என்று உச்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நன்றாகப் பயின்றவர்களுக்கே மூன்று ஸ்தாயி எட்டினால் பெரிய விஷயம், அதனால் பேசட்டும். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அவருடைய அடிக்குரல்.

நண்பர் ஒருவர் 'சுன்ச்சோ' என்ற 1953 பதிவை அனுப்பியிருந்தார். பெரிதாக வார்த்தைகள் கிடையாது. ஹெட்போனில் கேட்டால், காட்டு மிருகம் ஒன்று காதுக்குள் உறுமுகிறது. பெண்குரல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அதே தொண்டை சட்டென்று மேலே ஏறிப் பறவையாகக் கீச்சிடுகிறது. கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும்: அந்தத் தாவலில் ஒட்டுப் போட்ட இடமே இல்லை. கீழே இருந்த கனம் மேலே போகும்போது எங்கே கரைந்தது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. சின்ன வயதில் மலையில் பறவைகளைப் பார்த்து அதுபோலக் கூவிப் பழகியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் 1943இல் அர்ஜென்டினாவில் பதிவான பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். பெருவின் நாட்டுப்பாடல்கள், எந்த வித்தையும் இல்லாமல். 1946இல் கணவர் மொய்சேஸ் விவாங்கோவோடு நியூயார்க் போய், 1950இல் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்ட பிறகுதான் பெருவை முன்பு ஆண்ட இன்கா வம்சத்து இளவரசி என்ற ஜோடனையெல்லாம் பெரிதானது. கடைசி இன்கா மன்னர் அட்டஹுவால்பாவின் வாரிசு என்றார்கள். இன்னொரு பக்கம், பெயரின் ஆங்கில எழுத்துகளைத் (Yma Sumac) திருப்பிப் போட்டால் ஏமி காமுஸ் (Amy Camus), அவள் நியூயார்க்கின் ப்ரூக்ளின்காரி என்று ஒரு புரளி! பெருவிலேயே எழுத்தாளர் அர்கேதாஸ் போன்றவர்கள், இது உண்மையான ஆண்டிஸ் இசை இல்லை என்று முன்பே குறைபட்டுக்கொண்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் குரலில் பொய் இல்லையே.

ஐம்பதுகளோடு அலை ஓய்ந்தது. சோவியத் நாட்டில் மாதக்கணக்கில் பாடியது, 1971இல் ஒரு ராக் ஆல்பம் என்று அப்புறமும் ஓடிக்கொண்டுதான் இருந்தார். சொந்த நாட்டின் 'சூரியன்' விருது கிடைத்தது 2006இல். 2008இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துவிட்டார்.

1954இல் வந்த மாம்போ (கியூபா நடன இசை) ஆல்பத்தை யாராவது முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு அதில் பித்தளை வாத்தியங்கள் கொஞ்சம் அதிகம், ஆனாலும் அவர் அவற்றோடு போட்டி போடுவதைக் கேட்க ஜாலியாக இருக்கிறது.