கையுறை மறுபயன்பாட்டுக்குச் சொற்கள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

செவிலியர் பயிற்சி ஆசிரியை, திருநெல்வேலி

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

முதலாண்டு மாணவிகளுக்குக் கையுறை பற்றி நான்கு பக்கப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

2020இல் கையுறைத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் என்று ஒரு வழிமுறை சொன்னது. கையுறையைக் கழற்றாமல் அதன்மேலேயே சானிடைசர் தேய்த்துக்கொள்ளலாம், ஆறு முறை வரை. சோப்பும் தண்ணீரும் என்றால் பத்து முறை வரை. கிழிந்தாலோ, பிசுபிசுத்தாலோ, அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ, நான்கு மணி நேரம் ஆனாலோ கழற்றிப் போட்டுவிட வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டக் கூடாது.

கழற்றியதைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவது வேறு. ஒருமுறைக் கையுறைக்கு அதைச் செய்யவே கூடாது. ஆனால் என் கையில் இருக்கும் தமிழ்க் குறிப்புகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்: "மறுபயன்பாடு".

போன வாரம் செய்முறை அறையில் ஒரு மாணவி சிங்க் ஓரத்தில் நான்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) ஒருமுறைக் கையுறைகளைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்றில் கட்டைவிரல் இடுக்கு வெளுத்து, இழுத்தால் விட்டுவிடும் போல் இருந்தது. கேட்டேன். "மறுபயன்பாடு செய்யலாம்னு நோட்ஸ்ல இருக்கே மேடம்" என்றாள். அவள் மேல் தப்பில்லை.

மூன்று சொல் வேண்டும். ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடும் கையுறை. கையில் இருக்கும்போதே செய்யும் கிருமிநீக்கம். கழற்றிக் கழுவித் திரும்பப் போடுவது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, முதலாவதற்கு எறிகையுறை. எறிந்த, எறிகின்ற, எறியும் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்கும் வினைத்தொகை. எறிவேல், எறிபந்து போல. இரண்டாவதற்கு அதே அச்சில் அணிகையுறைத் தூய்மை.

கையுறை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சங்க இலக்கியத்தில் கையுறை என்றால் கையில் கொண்டுவரும் அன்பளிப்பு. தலைவன் தழையும் பூவும் கொண்டுவர, தோழி வாங்க மறுப்பது "கையுறை மறுத்தல்" என்னும் துறை. குறுந்தொகையின் முதல் பாட்டே அதுதான். செங்காந்தள் எங்கள் மலையிலேயே குலைகுலையாக இருக்கிறது, நீ கொண்டுவர வேண்டாம் என்கிறாள். அது கையில் உறுவது, இது கையை மூடுவது, இரண்டும் வேறு உறை என்பது என் கருத்து. தயிருக்கு ஊற்றும் உறை, வாளுறை, கீழடியில் கண்ட உறைகிணற்றின் உறை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றா பலவா என்று தனி மடல் எழுதுகிறேன்.

மருத்துவ மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

> முதலாவதற்கு எறிகையுறை.

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் எங்கட பக்கத்தில் "எறி" என்று தொடங்கினால் அடுத்து வருவது எறிகணைதான், போரில் வந்து விழுந்த ஷெல். எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே உடம்பு ஒருக்கால் ஒடுங்கும். ஒரு ஆஸ்பத்திரிக் கையேட்டில் அதை வாசிக்க என்னால் இயலாது.

பயன்பாட்டை இங்கு நாங்கள் பாவனை என்று எழுதுவோம். ஒருமுறைப் பாவனைக் கையுறை, தொற்றுநீக்கல், மீள்பாவனை. ஆனால் நீங்கள் சொன்ன சிக்கல் "மீள்பாவனை"யிலும் அப்படியே இருக்கிறது அக்கா.

தனித்தமிழ் அன்பர், சேலம்

கிருமி வடசொல். கிருமிநாசினியில் இரண்டு பாதியும் வடசொல். தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். குழந்தை இடுப்பில் தொற்றிக்கொள்கிறது என்கிறோம். தொற்றுநீக்கம் என்று தூய தமிழ் இருக்கும்போது பாடநூலில் கிருமி எதற்கு? பாடநூலில் ஒருமுறை ஏறினால் முப்பது வருடம் இறங்காது.

நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து, சென்னை

தொற்றுநீக்கத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. தொற்று என்பது உடம்புக்குள் நடப்பது. கையுறை மேல் இருப்பது இன்னும் தொற்று ஆகவில்லை, வெறும் கிருமிதான். கிருமிகண்ட சோழன் என்று பழைய வைணவ மரபிலேயே வழங்கும் சொல்லை இன்றைக்கு வெளியே தள்ளி என்ன பயன்?

அதைவிட முக்கியம், மூன்று படிகளைக் குழப்பாமல் இருப்பது. கழுவுவது அழுக்கை எடுக்கும். கிருமிநீக்கம் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் வித்துகள், அதாவது சில கிருமிகள் தடித்த உறைக்குள் உறங்கும் நிலை, தப்பிக்கும். வித்து உட்பட எல்லாவற்றையும் கொல்வது மூன்றாவது. அதற்கு ஓர் அகராதி "மலடாக்கல்" என்று போட்டிருந்தது. மலடாக்கிய கையுறை என்று எந்தச் செவிலியரும் சொல்ல மாட்டார். கிருமியழிப்பு போதும். சானிடைசர் தேய்ப்பது இரண்டாவது படி மட்டுமே. மாணவிகளுக்கு இது தெளிவாக இருக்க வேண்டும்.

அறுவை அரங்கில் 34 வருடம் வேலை பார்த்தவர், மதுரை

கழற்றிக் கழுவிப் போடுவது தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள் தங்கச்சி. நான் வேலையில் சேர்ந்தபோது அதுதான் முறை. ஆபரேஷன் முடிந்ததும் கையுறையைப் போட்டபடியே குழாயில் அலசி, உள்வெளியாகக் கழற்றி, சோப்பில் கழுவுவோம். அப்புறம் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக் காற்றை அடைத்துத் தண்ணீருக்குள் அமுக்குவோம். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டையை ஒதுக்கிவிட்டு, மீதியைக் கொடியில் காயப்போட்டு, பவுடர் தடவி, ஆறரை, ஏழு, ஏழரை என்று ஜோடி சேர்த்துத் துணியில் சுற்றி டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு, அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கலத்துக்கு, அனுப்புவோம். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். சாயங்காலம் கையெல்லாம் பவுடர் வாசனை.

அந்த ரப்பர் தடிமன். அதற்கென்றே செய்தது. இப்போதைய மெல்லிசுக் கையுறை அந்தப் பாட்டைத் தாங்காது. முறை தப்பில்லை, இந்தக் கையுறைக்கு அது பொருந்தாது. வார்த்தையில் அது தெரிய வேண்டும். நாங்கள் எந்தப் பெயரும் வைக்கவில்லை. "கிளவுஸ் போட்டாச்சா" என்றால் கழுவக் காயவைக்க டிரம் கட்ட எல்லாம் அடக்கம்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

யாழ்ப்பாணத்து அன்பருக்கு: எறிகணையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வருந்துகிறேன். எறிகையுறையைத் திரும்பப் பெறுகிறேன்.

மதுரை அம்மா சொன்ன வேலைக்கு மீள்பதனம் என்று வைக்கலாமா? பதம் பார்த்து மீண்டும் ஏற்றதாக்குவது.

நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து, சென்னை

பதனம் என்றால் பக்குவமாகிவிட்டது, எடுத்துக்கொள் என்று கேட்கிறது. அதுதான் என் பயம். 2020இல் நவி மும்பையில் பயன்படுத்திய கையுறைகளைக் கழுவிப் புதுசு போல் விற்க வைத்திருந்ததைப் போலீசார் பிடித்தார்கள். அதற்கும் மீள்பதனம் என்று பெயர் சொல்லிவிடலாம். கூடாததற்கு அழகான பெயர் கொடுக்காதீர்கள்.

தனித்தமிழ் அன்பர், சேலம்

அப்படியென்றால் பெயரே வைக்காமல் விட்டுவிடுவதா? பெயர் இல்லாததை எப்படித் தடுப்பது?

பயிற்சி ஆசிரியை, திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு, முடிவு செய்தாக வேண்டும். இரண்டு மாணவிகளிடம் எல்லாச் சொற்களையும் எழுதிக் காட்டி, படித்ததும் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். "அணிகையுறைத் தூய்மை" என்றதும் ஒருத்தி, போடுவதற்கு முன் கையுறையைத் துடைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டாள். "மீள்பதனம்" இருவருக்கும் புரியவில்லை. "கையில் போட்டபடியே கிருமிநீக்கம்" என்றதும் இருவரும் கையை நீட்டித் தேய்த்துக் காட்டினார்கள்.

குறிப்பில் இப்படிப் போகிறது. ஒருமுறைக் கையுறை. போட்டபடியே கிருமிநீக்கம், தட்டுப்பாட்டில் மட்டும். கழற்றிக் கழுவிப் போடுதல், ஒருமுறைக் கையுறைக்குக் கூடாது; கழற்றியது சிவப்புக் கழிவுப் பையில். மறுபயன்பாடு என்ற சொல்லை நான்கு பக்கத்திலும் எடுத்துவிட்டேன். மதுரை அக்கா எழுதியதை "பழைய ரப்பர் கையுறை" என்று தனிக் கட்டத்தில் போட அனுமதி கேட்கிறேன்.

மதுரை

தாராளமாகப் போடுங்கள். குமிழி பார்ப்பதை விடாமல் எழுதுங்கள்.

யாழ்ப்பாணம்

எனக்குச் சம்மதம். எங்கள் பதிப்பில் ஒருமுறைப் பாவனைக் கையுறை என்றே போடுவேன்.

சேலம்

கிருமிநீக்கத்தை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். "கழற்றிக் கழுவிப் போடுதல்" கலைச்சொல் அல்ல, ஒரு வாக்கியம். அடுத்த பதிப்புக்குள் மூன்றுக்கும் ஒற்றைச் சொல் கொண்டுவருகிறேன், அதே இரண்டு மாணவிகளிடம் காட்டுங்கள்.