சாப்பிடுறதுக்குன்னே பிளேன் ஏறினவங்க யாராச்சும் உண்டா?

சிம்மக்கல் சீனி
மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லல, இங்க கொட்டிடுறேன். அமெரிக்காவுல சின்ன பிளேன் ஓட்டுறவங்க லீவு நாள்ல பக்கத்து ஊர் ஏர்போர்ட்டுக்குப் பறந்து போய் ஒரு பர்கர் தின்னுட்டு வருவாங்கள்ல, நூறு டாலர் பர்கர்னு பேரே உண்டு. பேர்தான் நூறு. எஞ்சின் ஓடுற மணிக்கணக்குக்கு வாடகை, இப்ப நூறுல எங்க முடியுது.

நான் ஆன்சைட்ல லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்தப்ப ஆபீஸ்ல ஒரு அண்ணன், திருமங்கலத்துக்காரர், பிளேன் ஓட்டுற லைசென்ஸ் வச்சிருந்தார். செஸ்னா 172, நாலு பேர் உக்கார்ற சின்ன பிளேன். அவரும் அண்ணியும் நானும் என் வீட்டம்மாவும் கேட்டலினா தீவுக்குக் கிளம்பினோம். ஏறுறதுக்கு முன்னாடி பேப்பரும் பேனாவுமா வந்து, "ஒவ்வொருத்தரும் எடையைச் சொல்லுங்க"ன்னார். அண்ணி பக்கத்துல நிக்கிறாங்க. வாய் கூசாம 78-ன்னுட்டேன். நிஜம் 86.

போனது, காட்டெருமைக்கறி பர்கர் தின்னது எல்லாம் விடுங்க (உப்பு உறைப்பு ஒண்ணும் கிடையாது, அது பாட்டுக்கு இருந்துச்சு). திரும்பி ஏறுறப்பதான். அந்த ஓடுபாதை மலை உச்சியை நிரவிப் போட்டது. 1602 அடி உயரத்துல வெறும் 3000 அடி நீளம், ஒரு முனையில நின்னா மறுமுனை தெரியாத அளவுக்கு மேடு. மத்தியான வெயில். ஓடுறோம், ஓடுறோம், எதிர்ல வானம் மட்டும்தான் இருக்கு. ரோடு எங்க முடியுதுன்னே தெரியல. அண்ணன் கை வீல்ல. என் கை என் வயித்து மேல. எண்பத்தாறு, எண்பத்தாறுன்னு உள்ள அடிச்சுக்குது.

தூக்கிருச்சு. அவர்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

தல்லாகுளம் பொண்ணு
உங்க அளவுக்குத் திகில் இல்லைங்க. அப்பாவுக்கு 81. சென்னைக்கு எங்களோட வந்ததுல இருந்து அயிரை மீன் குழம்பு, அயிரை மீன் குழம்புன்னு ஒரே பேச்சு. கார்ல எட்டு மணி நேரம் அவரால உக்கார முடியாது. காலைல மதுரைக்கு ஏடிஆர் பிளேன், சாயந்தரம் திரும்புறதுன்னு போட்டேன். பின்பக்கக் கதவு வழியா ஏறினதும் "டவுன் பஸ் மாதிரியில்ல இருக்கு"ன்னார். இறங்குறப்ப ஆனைமலை தெரிஞ்சுச்சு, அதுல இருந்து கண்ணாடியை விட்டுத் திரும்பல.

மெஸ்ல உக்காந்தா, "அயிரை வரலம்மா, விரால் இருக்கு"ன்னாங்க. சித்திரை மாசம். கண்மாய் காஞ்சு கிடக்கு. எனக்கு அது தோணவே இல்ல. அப்பாவுக்குத் தெரியும்! சர்வர் தம்பிகிட்ட, "உசுரோட வந்தாத்தான்பா அயிரை, தேங்காப்பால்ல விட்டு மண்ணைக் கக்க வைக்கணும், இந்த மாசத்துல எங்கிட்டு வரும்"னு பாடமே எடுக்குறார். "தெரிஞ்சுதானா வந்தீங்க?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம ரசத்துக்குச் சோறு போடச் சொன்னார். அந்தப் பதில் இன்னும் வரல.

ரன்வே ராஜா
முதல்ல ஒண்ணு. ஏடிஆர் சின்ன பிளேன் இல்ல, 70 பேருக்கு மேல உக்கார்றது. இந்தத் திரிக்கே சம்பந்தமில்ல.

சீனி அண்ணே, நீங்க செஞ்சது தப்பு. புது மாடல் 172-க்கு மொத்த எடையே 1157 கிலோதான். பிளேன், பெட்ரோல், ஆள், சாமான் எல்லாம் அதுக்குள்ள. நாலு பெரியவங்க ஏறினா டேங்க்கை முழுசா நிரப்பவே முடியாது. உங்க 8 கிலோங்கிறது சுமார் 11 லிட்டர் பெட்ரோல். அவர் வரம்பை ஒட்டிக் கணக்குப் போட்டிருந்தா வரம்பைத் தாண்டியாச்சு. வெயில் ஏற ஏறக் காத்து லேசாகும், இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும், ஓடுற தூரம் கூடும். உயரமான இடம்னா இன்னும் மோசம். அதனால யார் கேட்டாலும் செருப்பு, பை, தின்ன பர்கரோட சேத்து ரெண்டு கிலோ கூட்டியே சொல்லணும். செலவையும் சரிபங்கா குடுத்திருப்பீங்கன்னு நம்புறேன், பிரைவேட் லைசென்ஸ்காரர் தன் பங்கைப் போடாம உங்ககிட்ட மட்டும் வாங்கினா அந்த ஊர்ச் சட்டப்படி தப்பு.

இதைப் படிச்சுட்டு மதுரைக்கும் இப்படி வரலாம்னு யாரும் கிளம்பாதீங்க. ஓடுபாதைக்குக் குறையில்ல, 7500 அடி இருக்கு. ஆனா இங்க பிளைட் பிளான் போடணும், ஏர் டிபன்ஸ் கிளியரன்ஸ் நம்பர் வாங்கணும். செஸ்னா குடிக்கிற ஏவ்காஸ்ங்கிற பிளேன் பெட்ரோல் எல்லா ஏர்போர்ட்லயும் கிடைக்காது, பெரிய பிளேனுக்கு ஊத்துறது மண்ணெண்ணெய் ஜாதி. அப்ப வர்றதுக்கும் போறதுக்கும் சேத்து நிரப்பணும், எடை ஏறும், ஆளைக் குறைக்கணும். ஏர்போர்ட் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்ப் பறவைங்க வேற குறுக்க வரும்.

என் கதை ரெண்டு வரி. ட்ரெயினிங்ல ஒருதடவை மதுரைல இறங்கினேன். வெளிய போக நேரமில்லன்னு இன்ஸ்ட்ரக்டர் சொல்லிட்டார். ஒரு முட்டை பப்ஸ்.

தல்லாகுளம் பொண்ணு
@ராஜா, சம்பந்தமில்லன்னா தாண்டிப் போங்க சார். பப்ஸ் தின்ன கதைக்கு எத்தனை பாரா!

பெருங்குடி ஆட்டோ
நான் பிளேன்ல ஏறினதில்ல, ஏறி வந்தவங்களை ஏத்தியிருக்கேன். தை ஒண்ணாந்தேதி ஒரு சார் வந்தார், கையில பை கூட இல்ல. "சுக்கா, கறிதோசை, விளக்குத்தூண்ல ஜிகர்தண்டா, நாலு மணிக்குத் திரும்பக் கொண்டாந்து விட்ரணும்." அவனியாபுரம் ஜல்லிக்கட்டு அன்னிக்கு வந்து இப்படிக் கேட்டா? ரோட்டை அடைச்சிருக்காங்க, ரிங் ரோட்டைச் சுத்தி உள்ள போனா எனக்குத் தெரிஞ்ச மெஸ் அத்தனையும் பூட்டு. மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு. கடைசில எங்க வீட்டுக்கே கூட்டியாந்துட்டேன். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பூசணிக்காக் கூட்டு. "கறி இல்லையா?"ன்னார். பொங்கலன்னிக்கு எங்க வீட்ல ஏது கறி. ஆனா மூணு தடவை வாங்கிச் சாப்ட்டார்.

ஏர்போர்ட் வாசல்ல ஐநூறு ரூபாயைக் கூடுதலா நீட்டினார். வாங்கிட்டேன். "சோத்துக்குக் காசு வாங்கினியா"ன்னு வீட்ல ரெண்டு நாள் பேச்சில்ல. சவாரிக்குத்தான்னு சொன்னேன். சவாரிக்குத்தானே?

ரன்வே ராஜா
ஆட்டோ அண்ணே, வெயிட்டிங் சார்ஜ்னு ஒண்ணு இருக்கு. அதைக் கணக்குப் பண்ணிப் பாத்தா...

சிம்மக்கல் சீனி
ராஜா சார், ஆட்டோவையாச்சும் விட்ருங்க. பங்கு சரியாக் குடுத்தாச்சு, அதுல சந்தேகம் வேணாம்.

அண்ணன் அடுத்த மாசம் ஊருக்கு வர்றார். கறிதோசைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். முதல் தோசை வர்றதுக்கு முன்னாடி சொல்றதா, தின்னு முடிச்சப்புறம் சொல்றதா? இப்ப நான் 91.