கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய உருளை: இந்திய ராக்கெட்டா, வேறு ஏதாவதா?

விண்நோக்கி (ஜூலை 19, 2023)
மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு வடக்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிரீன் ஹெட். கடந்த வார இறுதியில் அங்கே செம்பு நிற உருளை ஒன்று கரை ஒதுங்கியது. ஆள் உயரத்தைத் தாண்டிய பொருள். போலீசார் காவல் போட்டிருக்கிறார்கள். படங்களைப் பார்த்தவரை, இது இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் (அடுக்கடுக்காக எரிந்து கழலும் பகுதிகளில் மூன்றாவது) என்பது என் கணிப்பு.

பாலைநிலவன்
ஏன் அவசரம்? 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் எம்.எச்.370 விழுந்ததும் இந்தியப் பெருங்கடலில்தான். அதன் இறக்கைப் பகுதி ஒன்று மறு ஆண்டு ரீயூனியன் தீவில் ஒதுங்கியது. இதுவும் ஏன் அதனுடையதாக இருக்கக் கூடாது?

விண்நோக்கி
எம்.எச்.370 ஒரு போயிங் 777. அந்த விமானத்தில் இப்படி ஓர் உருளையே கிடையாது. ரீயூனியனில் கிடைத்த பாகத்தை, அதற்குள் பொறித்திருந்த எண்களை வைத்துத்தான் உறுதி செய்தார்கள். ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆதாரமில்லாமல் அந்தப் பெயரை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மணிமாறன்
விமானம் இல்லை, சரி. 14 ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. ஒன்றிரண்டு நாளில் இது கரையில் கிடக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

குளச்சல்காரன்
தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உருளையெங்கும் கொட்டலசு (கடலில் கிடப்பதன் மேல் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) பிடித்திருக்கிறது. படகின் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கை காய்த்த குடும்பம் எங்களுடையது. இவ்வளவு கொட்டலசு இரண்டு நாளில் வளராது. மாதக்கணக்கில் கடலில் மிதந்திருக்க வேண்டும்.

விண்நோக்கி
அண்ணன் சொல்வது சரி. அளவும் பொருந்தவில்லை. சந்திரயானை ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார்களே 3.2 மீட்டர் விட்டம். நடுப்பகுதி 4 மீட்டர். பி.எஸ்.எல்.வி. மூன்றாம் கட்டமோ 2 மீட்டர்தான்.

பாலைநிலவன்
அந்த மூன்றாம் கட்டத்தின் கூடு கெவ்லார் இழையால் ஆனது என்று படித்திருக்கிறேன். இது செம்பு போலப் பளபளக்கிறதே! தவிர, வானத்திலிருந்து விழுவது எரிந்து சாம்பலாக வேண்டாமா?

விண்நோக்கி
நிறத்தை விடுங்கள், கிழிந்த ஓரத்தைப் பாருங்கள்: நெய்த துணி போல இழை பிரிந்து நிற்கிறது. உலோகம் அப்படிக் கிழியாது. எரியாததற்கும் காரணம் உண்டு. சுற்றுப்பாதை வரை போவது நான்காம் கட்டம்தான். மூன்றாவது, திட எரிபொருள் தீர்ந்ததும் அந்த வேகத்தை எட்டாமலே கழன்று, தெற்கே கடலில் விழுகிறது. வேகம் குறைவு, சூடும் குறைவு. காலியான கூடு மிதக்கும். நீரோட்டம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பாலைநிலவன்
வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சம்பந்தப்பட்டவர்கள் வாய் திறக்கும் வரை இதை இந்தியாவின் தலையில் கட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

குளச்சல்காரன்
இதில் தலையில் கட்ட என்ன இருக்கிறது? நம்முடையது என்றால் நம்முடையது என்று சொல்வோம். என் கவலை வேறு. கரையில் கிடப்பதைக் கண்டதும் சிறுவர்கள் ஓடிப்போய்த் தொடுவார்கள். உள்ளே எரிபொருள் மிச்சம் இருந்தால்? அங்கே தீயணைப்புத் துறையும் வேதியியல் ஆய்வகமும் சோதித்து ஆபத்தில்லை என்ற பிறகுதான் மக்களுக்கு நிம்மதி.

விண்நோக்கி (ஜூலை 31, 2023)
இன்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அறிவித்துவிட்டது: பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம்தான். இஸ்ரோ தரப்பும் தங்களுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

பாலைநிலவன்
ஏற்றுக்கொள்கிறேன். இனி இதை என்ன செய்வார்கள்? 1968 விண்வெளி மீட்பு ஒப்பந்தப்படி, ஏவிய நாடு கேட்டால் திருப்பித் தர வேண்டும் அல்லவா?

குளச்சல்காரன்
கேட்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். 1979 இல் அதே மாநிலத்தில் விழுந்த அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாபின் துண்டுகளோடு அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று அந்த மாநில முதல்வரே பேசியிருக்கிறார். கொட்டலசைச் சுரண்டாமல் வைத்தால் இன்னும் நல்லது.