ஊறவைத்த ஓட்ஸா, கம்பங்கூழா: காலை டிபனுக்கு எது?

அம்பத்தூர் அமுதா
மூணு மாசமா எங்க வீட்டுல காலை டிபன் ஊறவச்ச ஓட்ஸும் பழமும்தான். எனக்கு 6 மணி ஷிப்ட், 5.20-க்கு கம்பெனி பஸ் வந்துடும். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் எவர்சில்வர் டப்பாவுல 40 கிராம் ஓட்ஸ் (குவிச்சு நாலு டேபிள்ஸ்பூன்), காய்ச்சி ஆறவச்ச பால் அரை டம்ளர், தயிர் ரெண்டு கரண்டி, ஊறவச்ச சப்ஜா விதை ஒரு ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய்ப்பொடி போட்டுக் கலக்கி ஃபிரிட்ஜ்ல வச்சிடுவேன். காலையில வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, மாதுளை முத்து தூவி, ஒரு ஸ்பூன் தேன். அடுப்பே பத்தவைக்க வேண்டாம். 11 மணி வரைக்கும் பசி தாங்குது. வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு இதைவிட நல்ல டிபன் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்வேன்.

காவிரிக்கரை
அமுதா அம்மா, நீங்கள் அக்கறையோடு செய்கிறீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். 'இதைவிட நல்லது கிடையாது' என்பதைத்தான் ஏற்க முடியாது. நான் குளித்தலைப் பக்கம், வயது 64. எங்கள் அம்மா கம்பை உரலில் இடித்து, மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைப்பார். மறுநாள் காய்ச்சி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார். அதற்கடுத்த காலையில் மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வயலுக்குப் போவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 100 கிராம் கம்பில் இரும்புச்சத்து 6.4 மில்லிகிராம், நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல். புன்செய்க் காட்டில் மழையை நம்பி விளைகிற தானியம். அதை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருவதை ஏன் வாங்க வேண்டும்?

அம்பத்தூர் அமுதா
ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கூழுக்கு ரெண்டு ராத்திரி ஆகும்னு நீங்களே எழுதிட்டீங்க. இடிச்சது அம்மா, புளிக்க வச்சது அம்மா, காய்ச்சினது அம்மா. நீங்க சாப்பிட்டதைச் சொல்றீங்க, நான் செய்யறதைச் சொல்றேன். எங்க வீட்டுல இடிக்க ஆள் இல்ல.

இன்னொரு விஷயம், என் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால். ஓட்ஸ்ல பீட்டா குளுக்கன்னு ஒரு நார்ச்சத்து இருக்கு. தினம் 3 கிராம் உள்ளே போனா கெட்ட கொலஸ்ட்ரால் குறையும், அதனால இதய நோய் ஆபத்து குறையலாம்னு அமெரிக்காவுல 1997-லேயே பாக்கெட்டுல போட்டுக்க அனுமதி கொடுத்திருக்காங்க. கம்புல அது அந்த அளவுக்குக் கிடையாது.

மலைக்கோட்டை
அந்த 3 கிராம் கணக்கையும் பார்த்துடுங்க மேடம். 40 கிராம் ஓட்ஸ்ல ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான் கிடைக்கும். ஒரு டப்பா பத்தாது, பாதி தூரம்தான்.

எனக்கு சுகர் வந்து 11 வருஷம். 'ஹெல்த்தி'ன்னு நம்பி நானும் இதே மாதிரி சாப்பிட்டேன். இன்ஸ்டன்ட் ஓட்ஸ், ரெண்டு ஸ்பூன் தேன், நாலு பேரீச்சை, அரை மாம்பழம். ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்தா 226. அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டேன். அடுத்த வாரம் தடியான ஓட்ஸ் வாங்கி, பாலுக்குப் பதில் தயிர், தேனே இல்லாம, பாதி கொய்யா, ஒரு கைப்பிடி வறுத்த கடலை சேர்த்துச் சாப்பிட்டேன். அதே ரெண்டு மணி நேரத்துல 161. என் உடம்புக்கு வந்த நம்பர் இது, உங்களுக்கு வேற வரலாம். ஓட்ஸை எவ்வளவு மெல்லிசா நசுக்குறாங்களோ அவ்வளவு வேகமா சர்க்கரை ரத்தத்துல ஏறும். பாக்கெட்டைத் திறந்து கையில எடுத்துப் பாருங்க: இதழ் முழுசா, நடுவுல கோடு தெரியணும். தூள் தூளா இருந்தா வாங்காதீங்க.

சூரிச் தங்கச்சி
நான் இஞ்ச சூரிச்சில முதியோர் இல்லக் குசினியில வேலை செய்யுறன். இந்தச் சாப்பாடு இந்த ஊரிலதான் துவங்கினது. பிர்ஹெர் பென்னர் எண்ட வைத்தியர் 1900 ஆம் ஆண்டளவில தன்ர நோயாளியளுக்குக் குடுத்தது. அவற்ற அளவைக் கேளுங்கோ: ஓட்ஸ் ஒரேயொரு மேசைக்கரண்டி, அதைத் தண்ணியில 12 மணித்தியாலம் ஊறப்போடுறது. அதோட ஒரு பெரிய அப்பிளைத் தோலோட முழுசாத் துருவி, தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு), கொஞ்சம் டின்பால், அரைச்ச பாதாம் மாதிரிக் கொட்டை. அவர் வச்ச பேரே அப்பிள்ச் சாப்பாடு எண்டுதான் வரும். பழம்தான் சாப்பாடு, ஓட்ஸ் அதுக்குத் துணை. நீங்கள் எல்லாரும் ஓட்ஸுக்கு மேல பழத்தை அலங்காரத்துக்குப் போடுறியள். கம்போ ஓட்ஸோ எண்டு சண்டை பிடிக்க முதல், டப்பாவில பழம் எவ்வளவு எண்டு பாருங்கோ.

தஞ்சைத் தம்பி
அக்கா, பழம் நிறைய போட்டுத்தான் நான் மாட்டினேன். ராத்திரியே அன்னாசி நறுக்கிப் பால் ஓட்ஸ்ல கலந்து வச்சேன். காலையில முதல் வாயிலேயே கசப்பு, வேப்பிலை கடிச்ச மாதிரி. பால் கெட்டுப்போச்சுன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

சூரிச் தங்கச்சி
பால் பழுதாகேல்லை தம்பி. சமைக்காத அன்னாசியில புரதத்தை அறுக்கிற நொதி ஒண்டு இருக்கு. ராவு முழுக்க அது பால்ப் புரதத்தைத் துண்டாக்கும், அந்தத் துண்டுகள்தான் கசக்கும். பப்பாசியும் அப்பிடித்தான். சாப்பிடக்கொள்ள போட்டால் ஒண்டும் ஆகாது, இல்லாட்டி அன்னாசியைக் கொதிக்கவிட்டு ஆறினாப்பிறகு போடுங்கோ. அப்பிள், கொய்யா, மாதுளை ராவிலயே போடலாம்.

காவிரிக்கரை
தங்கச்சி சொன்னது எனக்குப் புதிய செய்தி, நன்றி. அமுதா அம்மா, அம்மா இடித்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்றை விட மாட்டேன். ஊறவைத்தால் தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் போய்விடும் என்று ஓட்ஸுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஓட்ஸைத் தட்டையாக்கும் முன் ஆவியில் வேக வைக்கிறார்கள். அதனால்தான் அடுப்பில்லாமல் சாப்பிட முடிகிறது. அதே சூட்டில் அந்த அமிலத்தை உடைக்கிற நொதியும் செத்துவிடுகிறது. ராத்திரி முழுக்க ஊறினாலும் பெரிதாக ஒன்றும் குறையாது. கம்பு மாவு புளிக்கும்போது நன்றாகவே குறைகிறது.

அம்பத்தூர் அமுதா
சரிங்க ஐயா, அதை ஒத்துக்கறேன். அதுக்குத்தான் கொய்யா. வைட்டமின் சி கூட இருந்தா இரும்புச்சத்து உடம்புல சேரும். நாளையிலேருந்து மாதுளை கொஞ்சம், கொய்யா முழுசா ஒண்ணு. மலைக்கோட்டை சார் நம்பரைப் பார்த்ததும் தேன் பாட்டிலை மேல் அலமாரிக்கு ஏத்திட்டேன்.

காவிரிக்கரை
கம்பு அவல் என்று கடையில் கிடைக்கிறது, இடிக்கவே வேண்டாம். புளித்த கூழுக்கு அது ஈடில்லை, ஆனால் நம் காட்டுத் தானியம். கெட்டித் தயிர் வேண்டாம், மோரில் ஊறவையுங்கள். உப்பு போடுவதாக இருந்தால் வாழைப்பழம் சேர்க்காதீர்கள்.

அம்பத்தூர் அமுதா
வாங்கியாச்சு ஐயா, தெருமுனை நாட்டுமருந்துக் கடையில இருந்துச்சு. இப்ப மணி 9.40. ஒரு டப்பாவுல ஓட்ஸ், இன்னொண்ணுல கம்பு அவலும் மோரும், ரெண்டுலயும் கொய்யா. ஓட்ஸ் அவருக்கு, கம்பு எனக்கு. பஸ்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு எழுதறேன்.