விருந்தினர் கணக்கைத் திறக்கும் உரிமை யாருக்கு: அட்மினுக்கு மட்டுமா, ரீம் பொறுப்பாளருக்குமா?

கோண்டாவில் அட்மின்:
யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிநாட்டு கிளையன்டுகளுக்கு வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனங்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். குழுவாகக் கதைக்கவும் கோப்புகளைப் பகிரவும் பயன்படும் மைக்ரோசொப்ட் ரீம்ஸில் வெளியாளைச் சேர்க்கும் உரிமை அட்மினிடம் மட்டும் இருக்க வேண்டும். ஒருவரை விருந்தினராக ஒரு ரீமுக்குள், அதாவது ஒரு வேலைக் குழுவுக்குள் எடுத்தால், அங்குள்ள எல்லாச் சாதாரண சனல்களும் (தலைப்பு வாரியான உரையாடல் பகுதிகள்) பழைய உரையாடல்களோடும் கோப்புகளோடும் அவருக்குத் திறந்துவிடும். ஒரு சாதாரண சனலை மட்டும் காட்ட வழியில்லை. விறாந்தையில் இருத்திக் கதைக்க வேண்டியவரைச் சாமியறை வரைக்கும் விட்ட மாதிரி. இன்னொன்று, கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசொப்டின் என்ட்ரா ஐடியின் ஆரம்ப அமைப்பை மாற்றாவிட்டால் விருந்தினரே இன்னொரு விருந்தினரை உங்கள் டிரெக்டரிக்குள், அதாவது நிறுவனத்தின் கணக்குப் பட்டியலுக்குள் அழைக்கலாம். எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்?

திருநெல்வேலி லீட்:
கடைசியாகச் சொன்னதை ஏற்கிறேன். அதை இன்றைக்கே மூடுங்கள். மற்றதுக்கு நான் எதிர். எங்கள் கிளையன்ட் ரொறன்ரோவில். கோடையில் அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் இங்கே மாலை ஆறரை. அந்த நேரம் புதிய டிசைனர் ஒருவரை உள்ளே எடுக்க வேண்டும், அட்மின் வீட்டுக்குப் போய்விட்டார். என்ன நடக்கும்? கோப்பு வாட்ஸ்அப்பில் போகும். அங்கே போனதை எந்த அட்மினாலும் திரும்ப எடுக்க முடியாது. வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பது ரீம் பொறுப்பாளருக்குத்தான் தெரியும்.

கோண்டாவில் அட்மின்:
வருகிறவரைத் தெரியும், சரி. போகும்போது யார் பார்க்கிறார்கள்? ரீமில் இருந்து நீக்கினாலும் விருந்தினர் கணக்கு டிரெக்டரியில் அப்படியே இருக்கும். அவர் பெயருக்குத் தனியாகப் பகிர்ந்த கோப்புகளும் திறந்தபடியே கிடக்கும். ஜிமெயில் முகவரிக்கு அழைப்பு அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நிறுவன முகவரி என்றால், ஆள் வேலையை விட்டதும் அந்த நிறுவனம் கணக்கை மூடும், இங்கேயும் நுழைய முடியாது. ஜிமெயிலை யார் மூடுவது?

சாவகச்சேரி ஃப்ரீலான்சர்:
நான் மறுபக்கத்தில் நிற்கிறவன். பல நிறுவனங்களில் விருந்தினராக இருந்திருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்து நெடுநாளாகியும் ஒரு நிறுவனத்தின் கோப்புகள் எனக்குத் திறந்தே கிடந்தன. எனக்கு அது பயம். நாளைக்கு அங்கே ஏதாவது கசிந்தால் முதல் சந்தேகம் என்மேல்தானே வரும்? கணக்கை மூடுவது விருந்தினருக்கும் பாதுகாப்பு. இதை யாரும் யோசிப்பதில்லை.

திருநெல்வேலி லீட்:
தம்பி, நீங்கள் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குப் பக்கத்தில் ‘நிறுவனங்கள்’ பகுதிக்குப் போய் நீங்களாகவே விலகலாம், அந்த நிறுவனம் அதைத் தடுத்திருக்காவிட்டால். ஆனால் நீங்கள் சொல்வது நியாயம்தான், அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் போடக்கூடாது.

மானிப்பாய் ஸ்லாக்:
ரீம்ஸ் போன்ற இன்னொரு செயலியான ஸ்லாக்கில் விருந்தினருக்கு முடிவுத் திகதி போடலாம், ஒரே சனலுக்குள் நிறுத்தியும் வைக்கலாம். கட்டணத் திட்டம் வேண்டும். காசு கட்டும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் 5 ஒற்றைச் சனல் விருந்தினர்கள் இலவசம்; பல சனல் என்றால் முழு உறுப்பினரின் கட்டணம். ரீம்ஸிலும் பகிரப்பட்ட சனல் இருக்கிறதே, அதில் மற்றச் சனல்கள் தெரியாது.

கோண்டாவில் அட்மின்:
அதற்கு எதிர்ப்பக்க அட்மினும் தன் பக்கத்தில் அனுமதி திறக்க வேண்டும். ஜிமெயில்காரரை அதில் சேர்க்கவே முடியாது. சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். நாங்கள் அனுமதித்த டொமைன்களின் (மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) முகவரி என்றால் ரீம் பொறுப்பாளரே சேர்க்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். மற்ற எல்லாம் என்னிடம் வர வேண்டும். ஒவ்வொரு விருந்தினருக்கும் உள்ளே ஒருவர் பொறுப்பு, ஒரு முடிவுத் திகதி. கிளையன்டின் வாடிக்கையாளர் விபரமும் இந்தக் கோப்புகளில் கிடக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், யார் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் வேண்டும்.

திருநெல்வேலி லீட்:
திகதிக்கு நான் சம்மதம். டொமைன் பட்டியலுக்கு இல்லை. எங்கள் கிளையன்டுகளில் பாதிப்பேர் சிறு கடைக்காரர்கள், சொந்த டொமைனே கிடையாது. ஜிமெயில்காரருக்கு மாலை ஆறரைக்கு யார் அனுமதி கொடுப்பது என்று சொல்லுங்கள், பிறகு கதைப்போம்.

கோண்டாவில் அட்மின்:
இரண்டாவது அட்மின் ஒருவர், மாலை முறையில். அவருக்கு விருந்தினரை அழைக்கும் பொறுப்பு மட்டும். நாளைக்கே மேலிடத்தில் கேட்கிறேன்.